எட்டாம் நெம்பர் பெட்டி

டிவிய அணைக்க வேண்டாமுங்க டீச்சர், அது பாட்டுக்கு ஓடட்டும். நான் சித்த நேரந்தான் உக்காருவேன். காபியெல்லாம் வேண்டாம். சரி, இவ்வளவு சொல்றீங்க, அரை டம்ளர் மட்டும் குடுங்க. சக்கரை போடலாமுங்க. டாக்டர்தான் கூடாதுன்னாரு, அவரு இங்க எங்க வரப் போறாரு.

என்னைய அடையாளம் தெரியுதுங்களா? சிந்துஜாவோட அப்பா, லோகநாதன். ஆவணியில பல்லடத்துல கல்யாணம் நடந்துதே. நீங்க மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்த டீச்சர்னு சம்பந்தி சொன்னாரு. அன்னைக்கு மேடைக்குப் பக்கவாட்டுல, நாதஸ்வரக்காரங்களுக்குப் பின்னாடி, ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தீங்களாமே. அந்த எடத்துக்காகத்தான் கோயமுத்தூர்ல இருந்து தாராபுரத்துக்கு பஸ் ஏறி வந்திருக்கேன். உங்க ஃபோன்ல அன்னைக்கு ஏதாச்சும் எடுத்தீங்களா? குறிப்பா, தாலி கட்டுன நேரத்துல?

தேடுங்க, தேடுங்க. அவசரமில்லை. நீங்க தேடறதுக்குள்ள நான் ஏன் இப்படி வீடு வீடா வந்து கேக்கறேன்னு சொல்லீர்றேன். இல்லாட்டி கழண்ட கேசுன்னு நெனச்சுக்குவீங்க.

எங்க புள்ள கல்யாணத்துல எடுத்த ஒரு படங்கூட எங்ககிட்ட இல்லை. வீடியோவும் இல்லை. அம்புட்டும் போச்சு. போனது நான் வேலை பாக்கற கம்பெனியிலதான். ஆனா என்னால இல்லீங்க. அத மொதல்லயே சொல்லீர்றேன், அப்புறம் பாதிக் கதையில நீங்களா ஒரு முடிவுக்கு வந்துரக் கூடாது.

எங்க கம்பெனிக்கு வேலை என்னன்னா, கல்யாணப் படங்களப் பத்திரமா வெக்கறது. இந்த ஜில்லா, பக்கத்து ஜில்லா ஃபோட்டோகிராபருங்க எல்லாம் எடுத்த படத்தையும் வீடியோவையும் இன்டர்நெட்டுல எங்களுக்கு அனுப்பீருவாங்க. கிளவுடுன்னு பேரு. மேகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பீளமேட்டுல ஒரு கட்டடத்து மூணாவது மாடியில, ஏசி போட்டு அடுக்கி வெச்சிருக்கற இரும்புப் பெட்டிங்க. சர்வர்னு சொல்லுவாங்க, நாங்க பெட்டிம்போம். படம் வந்து சேந்துதுன்னா ஃபோட்டோகிராபர் ஃபோன்ல ஒரு பச்சை டிக்கு விழும். டிக்கு விழுந்தா அவரு கேமரா கார்டை அழிச்சுட்டு அடுத்த மண்டபத்துக்கு வண்டிய எடுத்துருவாரு. முகூர்த்த மாசத்துல அவங்களுக்கு ஒண்ணுக்குப் போக நேரம் கெடையாதுங்க. அந்தப் பச்சை டிக்கு சாமி வாக்கு மாதிரி.

இதுல சிக்கல் என்னன்னா, ஆடி மாசம் வந்தா பெட்டி எல்லாம் கொறட்டை விடும். மார்கழியும் அப்படித்தான். ஆனா வளர்பிறை முகூர்த்தம் ஞாயித்துக்கெழமையில விழுந்துதுன்னு வெச்சுக்குங்க, செத்தோம். ஒரே நாள்ல ஊர்ப்பட்ட கல்யாணம். எந்தக் கல்யாணத்த எந்தப் பெட்டியில போடறதுன்னு பாத்துப் பாத்துப் பிரிச்சுக் குடுக்கணும். ஒரு பெட்டி மூச்சு முட்டவும் கூடாது, இன்னொண்ணு சும்மா கெடக்கவும் கூடாது. வேலைய சமமாப் பிரிக்கறது. அதுதான் என் வேலை. அதுல முக்கால்வாசிய கோகிலவாணின்னு ஒரு புள்ள பாத்துக்கும். கெட்டிக்காரி. எதக் குடுத்தாலும் மூஞ்சி சுளிக்காம செய்வா, அதனால எல்லாத்தையும் அவகிட்டயே குடுத்துருவேன்.

ஆரம்பத்துல வரிசைப்படி குடுத்துட்டிருந்தோம். ஒண்ணாம் பெட்டிக்கு ஒரு கல்யாணம், ரெண்டாம் பெட்டிக்கு ஒரு கல்யாணம்னு. ஆனா கல்யாணமெல்லாம் ஒண்ணாங்க? மருதமலையில பத்துப் பேரு முன்னாடி மாலை மாத்தீட்டு ஓட்டல்ல இட்லி தின்னுட்டுப் போறதும் கல்யாணந்தான். பொள்ளாச்சியில தென்னந்தோப்புக்காரரு ட்ரோன் விட்டு, மாப்பிள்ளை குதிரையில வர்றத ஆறு கேமராவுல எடுக்கறதும் கல்யாணந்தான். வரிசைன்னு பாத்தா நியாயம். ஆனா பெரிய எடத்துச் சம்பந்தமெல்லாம் குறி வெச்ச மாதிரி அஞ்சாம் பெட்டிக்கே போயி விழும். அது திணறும். பக்கத்துலயே நாலாம் பெட்டி மருதமலைக் கல்யாணத்த வெச்சுட்டு ஹாயா உக்காந்திருக்கும்.

இதுக்கு வழி கண்டுபுடிச்சது நாந்தானுங்க. எங்கன்னு கேளுங்க, பந்தியில. ஒரு காதுகுத்துல உக்காந்து சாப்பிட்டிட்டிருக்கேன். ரசவாளி தூக்கற பசங்க ஓடிட்டிருக்காங்க. சமையக்கட்டு வாசல்ல மேஸ்திரி நிக்கறாரு. யாரு வாளியக் காலி பண்ணீட்டு மொதல்ல வர்றானோ அவங்கையில அடுத்த வாளி. அவ்வளவுதான் கணக்கு. எவனும் சும்மா நிக்கலை, எவனும் தடுமாறலை. எனக்குப் பொறி தட்டீருச்சு. மோருக்குக் கூட இருக்காம எந்திரிச்சுட்டேன்.

மறுநாளே விதிய மாத்தச் சொன்னேன். எந்தப் பெட்டி "ஆச்சு"ன்னு மொதல்ல சொல்லுதோ அதுக்கு அடுத்த கல்யாணம். எங்க மொதலாளி மயில்சாமி எல்லாரையும் கூப்புட்டு வெச்சு, லோகநாதன் மூளையப் பாருங்கடான்னாரு. கோகிலவாணி மட்டும் ஒரு மாதிரி பாத்தா. "சார், வாளிய சாக்கடையில ஊத்தீட்டு ஓடி வந்தாலும் அவந்தானே மொதல்ல வருவான்?" அப்படீன்னா.

பாருங்க பேச்ச. சோத்துப் பேச்சுல சாக்கடையக் கொண்டு வர்றா. சாப்பாட்டு விஷயத்துல அதெல்லாம் பேசக்கூடாது அம்மணின்னு சொல்லி அனுப்பீட்டேன். ஆனா ஒண்ணு, அந்தப் புள்ள கேட்டதுல எனக்குக் கோவமெல்லாம் இல்லை. வயசு அப்படி.

கெடச்சுதுங்களா? இது யாரு, உங்க பேரனுங்களா? நல்லா உருண்டையா இருக்கறான். இன்னும் கீழ போங்க. இதுக்கும் முன்னாடி, ஆவணி.

அப்புறம், எட்டாம் நெம்பர் பெட்டி. அதச் சொல்லலையே. எங்க மொதலாளிக்கு எட்டுன்னா ஆகாது. சனி நெம்பராமா. வண்டி நெம்பரக் கூட்டுனா எட்டு வரக்கூடாது, ஃபோன் நெம்பர்ல வரக்கூடாது, வீட்டுக்கு எட்டுப் படி இருக்குதுன்னு ஒரு படிய ஒடச்சு எடுத்தவரு. எங்க பெட்டி வரிசையில ஏழுக்கு அப்புறம் ஒம்போதுதான். நடுவுல வெறும் ஓட்டை. அதுக்குள்ள ஒரு சின்னப் பிள்ளையார உக்கார வெச்சு, மாசாமாசம் அவருக்கும் சேத்து ஏசி ஓடுது. எனக்கு இதெல்லாம் பத்திக்கிட்டு வருமுங்க. நான் காலேஜ் காலத்துல இருந்தே இந்தச் சகுனம், ராகுகாலம் எதையும் நம்பாத ஆளு. என் கல்யாணத்தையே ராகுகாலத்துல வெக்கணும்னு நின்னேன். எங்க மாமனாரு ஒத்துக்கலை, அது வேற விஷயம்.

ஆவணி நெருங்குது, பெட்டி பத்தலை. நான் மொதலாளிகிட்டப் போயி, அந்தக் காலியான எடத்துல ஒரு பெட்டி வெப்போம், இருபத்தோராம் நூற்றாண்டுல சனியாவது கினியாவதுன்னு மல்லுக்கட்டுனேன். அவரு வாஸ்துக்காரரக் கேட்டாரு, குடும்ப ஜோசியரக் கேட்டாரு. கடைசியில என் தொல்லை தாங்காம சரின்னாரு. பிள்ளையார ஜன்னலுக்கு மாத்துனோம். பெட்டிக்குள்ள போடற டிஸ்கையும் நானே ஒரு கடையில பேரம் பேசிச் சல்லிசா முடிச்சேன். சாதாரண டிஸ்கு புடிக்கறதப் போல நாலு மடங்கு புடிக்கும்னு அது மேலயே அச்சடிச்சிருந்துது. ரெண்டு மூணு சின்ன விசேஷத்தப் போட்டுப் பாத்தோம். கிளி மாதிரி திருப்பிக் குடுத்துது.

அப்புறம் பாருங்க வேகத்த. மத்த பெட்டியெல்லாம் ஒரு கல்யாணத்த வாங்கி உள்ள வெக்கறதுக்குள்ள எட்டு நாலு கல்யாணத்த முடிச்சுருச்சு. நான் மொதலாளியக் கூப்புட்டுக் காட்டுனேன். பாத்தீங்களா உங்க சனியன்னேன். அவரு ஜன்னலப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

கோகிலவாணி வந்தா. "சார், எட்டு ரொம்ப வேகமா இருக்குது. எனக்குச் சரியாப் படலை" அப்படீன்னா. எனக்கு வந்துதே கோவம். படிச்ச புள்ள, நீயுமா எட்டக் கண்டு பயப்படறேன்னு உக்கார வெச்சு ஒரு பாடே எடுத்தேன். கிரகம்னா என்ன, சனிங்கறது வானத்துல எங்க இருக்குது, அதுக்கும் பீளமேட்டுக்கும் எவ்வளவு தூரம், எல்லாம் சொன்னேன். அவ நடுவுல நடுவுல, "அதில்லைங்க சார், எந்த டிஸ்கும் இவ்வளவு வேகமா எழுதாதுங்க சார்"ங்கறா. நான் விடலை. முழுசாச் சொல்லி முடிச்சுத்தான் அனுப்புனேன். மூட நம்பிக்கைய மொளையிலயே கிள்ளீரணுமுங்க, நீங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாததா.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு. பெட்டிக்குள்ள போட்ட படத்தத் திரும்ப எடுத்து, ஒழுங்கா இருக்குதான்னு ஒத்துப் பாக்கறது. நல்ல பழக்கந்தான், ஆடி மாசத்துல. முகூர்த்த நாள்ல அதுக்கு ஏதுங்க நேரம்? சோத்தப் பரிமாறீட்டு எலையில இருந்து திருப்பி எடுத்து எண்ணிப் பாப்பாங்களா? ஆவணி முடியற வரைக்கும் அத நிறுத்தி வெச்சேன். அதே மாதிரி எந்தப் படத்தையும் ரெண்டு பெட்டியில வெக்கணும்ங்கறது வழக்கம். கூட்டமான நாள்ல மட்டும் ரெண்டாவது நகல மறுநாளைக்கு எடுத்துக்கலாம்னு சொன்னேன். ஒரு நாளுங்க. ஒரு நாள்ல என்ன குடி முழுகிருமுன்னு யாரா இருந்தாலும் நெனைப்பாங்க.

அந்த ஒரு நாள்தான் சிந்துஜா கல்யாணம்.

அன்னைக்கு மாதிரி முகூர்த்தம் அந்த வருசத்துலயே கெடையாது. எந்த மண்டபமும் காலியில்லை. சமையக்காரருக்கு நாலு எடத்துல கல்யாணம். எங்களுக்கும் அன்னைக்குத்தான் பரீட்சை. பொண்ணுக்கு அப்பன்னாலும் நான் பொறுப்ப விட்டுர முடியுமா? எந்தப் பெட்டியில எவ்வளவு வேலைன்னு கோடு கோடா என் ஃபோன்லயே பாக்கலாம். வேட்டி மடிப்புல ஃபோனச் சொருகிட்டு வாசல்ல எல்லாரையும் வாங்க வாங்கன்னுட்டும் இருந்தேன், கோட்டையும் பாத்துட்டு இருந்தேன். விடியக்காலத்து முகூர்த்தமெல்லாம் முடிஞ்சு படம் வந்து குமியுது. எல்லாக் கோடும் அப்படியே தண்ணி தேங்கி நிக்கற மாதிரி சமமா இருக்குது. எட்டு மட்டும் மேல, தனியா, கொடி மாதிரி. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க. ஒரு பக்கம் புள்ள பட்டுச் சேலையில நிக்கறா, ஒரு பக்கம் இது.

நடுவுல கோகிலவாணி ஒரு மெசேஜ் போட்டா. "சார், எட்டாம் பெட்டி மேல சந்தேகமா இருக்குது. நிறுத்தீரட்டுங்களா? நீங்க கல்யாண வேலையில இருப்பீங்க. அஞ்சு நிமிஷத்துல பதில் வரலைன்னா நானே நிறுத்தீர்றேன்." நல்லவேளை உடனே பாத்தேன். நிறுத்தாதேன்னு அந்த நிமிஷமே பதில் போட்டேன். அதுதான் எங்கிட்ட இருக்கற ஒரு நல்ல பழக்கம். வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து யாரு எதக் கேட்டாலும் மொதல்ல பதில் சொல்றவன் நாந்தான். மத்தவங்க யோசிச்சுட்டிருக்கறப்பவே நான் "ஆச்சு"ன்னுருவேன். இல்லாட்டி இந்தப் பதவிக்கு வந்திருக்க முடியுங்களா?

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. சகாயராஜ்தான் ஃபோட்டோகிராபர், கெட்டிக்காரப் பையன். மத்தியானப் பந்தியப்ப வந்து, சார், உங்க கல்யாணத்த அனுப்பறேன், நாளைக்கு விடியால எனக்கு உடுமலையில வேலைன்னான். நான் வரிசையில விடாதே, நேரா எட்டுல போடுன்னு சொல்லி அதுக்கு வேண்டியதையும் நானே பண்ணிக் குடுத்தேன். ஊருக்கெல்லாம் சமமாப் பிரிச்சுக் குடுக்கறவன், சொந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல எடம் பாத்து வெக்கக் கூடாதுங்களா? அனுப்புன ஜோருக்குப் பச்சை டிக்கு விழுந்துது. அவன் வாயப் பொளந்துட்டான். கார்டை அழிச்சுட்டுப் போயிட்டான்.

மறுநாள் ரெண்டாவது நகல் எடுக்கலாம்னு எட்டுக்குள்ள கைய விட்டா, பேரு இருக்குது, தேதி இருக்குது, தெறந்தா வெறும் கறுப்பு. ஒண்ணு ரெண்டு இல்லைங்க. அன்னைக்கு எட்டுக்குள்ள போன எல்லாமே. அதுக்கு முந்திப் போனதுக்கெல்லாம் வேற பெட்டியில நகல் இருந்துது, தப்பிச்சுது.

டிஸ்கு போலியாமா. மேல அச்சடிச்சிருக்கறது குதிர் அளவு, உள்ள இருக்கறது ஒழக்கு. ஒழக்கு நெறையற வரைக்கும் ஒழுங்கா வாங்கி வெச்சிருக்குது. அதுக்கு மேல எதக் குடுத்தாலும் "ஆச்சு"ன்னு சொல்லீட்டுத் தூக்கிப் போட்டிருக்குது. எழுதற வேலையே இல்லையே, அப்புறம் வேகத்துக்கு என்ன கொறச்சல்? அது சீக்கிரம் முடிக்கறதப் பாத்து என் விதி அதுக்கே மேலும் மேலும் அனுப்பீருக்குது. விதியில தப்பே இல்லீங்க. மொதல்ல வர்றவனுக்கு அடுத்த வாளின்னு சொன்னேன், அது சொன்னபடி செஞ்சுது. டிஸ்கு ஏமாத்துனதுக்கு விதி என்ன பண்ணும்?

எனக்கு ரொம்ப வலிச்சது எது தெரியுங்களா? மயில்சாமி என்னையத் திட்டலை. திட்டீருந்தாக்கூடப் பரவாயில்லை. ஜன்னல்ல இருந்த பிள்ளையாரத் தொடச்சு எடுத்து, மறுபடியும் எட்டாம் எடத்துல உக்கார வெச்சு, சூடம் காட்டி, "நான் அன்னைக்கே சொன்னேன் லோகு, சனி யாரையும் விடாது"ன்னாரு. ஆபீசே நின்னு கும்புடுது. இத்தனை வருசமா நான் பேசுன பகுத்தறிவெல்லாம் ஒரு போலி டிஸ்கால மண்ணாப் போச்சுங்க.

ஜனங்க சும்மா விடுவாங்களா? ஒரு ஜோடி நேரா ஆபீசுக்கு வந்து, அதே மண்டபத்துல, அதே சாப்பாட்டோட மறுபடியும் கல்யாணம் பண்ணி வெய்யின்னு உக்காந்துட்டாங்க. சூலூர்ல இருந்து ஒரு பையன் வந்தான், மாப்பிள்ளைதான், எல்லாம் அழிஞ்சது உறுதிதானே சார்னு ரெண்டு தடவை கேட்டு, கையக் குடுத்துட்டுப் போயிட்டான். காங்கேயத்துல ஒரு அம்மணி மட்டும் சத்தம் போடலை. எங்கப்பா மேடையில சிரிச்சாரு சார், அது மட்டும் எங்கயாச்சும் இருக்குதான்னு பாருங்க, அவரு இப்ப இல்லைன்னு எழுதியிருந்தா. நான் உடனே பதில் போட்டேன், "தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது"ன்னு. ஆமா, என்னைய இப்ப அந்த வேலைக்குத்தான் போட்டிருக்காங்க. ஜனங்களுக்குப் பதில் சொல்றது. பதில் சொல்றதுல என்னைய அடிச்சுக்க ஆளில்லைன்னு கோகிலவாணியே சொன்னாளாம்.

என்னோட நாற்காலியில இப்ப அவதான். வந்ததும் என்ன பண்ணுனா தெரியுங்களா? எந்தப் பெட்டி எல்லாரையும் விடச் சீக்கிரமா முடிக்குதோ, அத மொதல்ல சந்தேகப்படணுமாம். நிறுத்தி வெச்சு, உள்ள இருக்கறத எடுத்துக் காட்டுன்னு கேக்கணுமாம். இது எந்த ஊரு நியாயமுங்க? சுறுசுறுப்பா இருக்கறவனச் சந்தேகப்பட்டா நாளைக்கு எவன் வேலை செய்வான்? நீங்களே சொல்லுங்க, வகுப்புல மொதல்ல கணக்க முடிச்சுட்டு நோட்டக் கொண்டு வர்ற பையன நீங்க சந்தேகப்படுவீங்களா?

படுவீங்களா? சரி விடுங்க.

இதெல்லாங்கூட நான் தாங்கிக்குவேன் டீச்சர். சிந்துஜாதான். அவ சண்டை போடலை, அழுகலை. மறுவீட்டுக்கு வந்தவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. அவங்கம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கா. "எனக்கு ஆல்பம் வேண்டாம்மா, ரிசப்ஷன் வேண்டாம். தாலி ஏறுன அந்த நிமிஷம் மட்டும் யாருகிட்டயாச்சும் இருந்தாப் போதும். நான் தலையக் குனிஞ்சிருந்தேன். யாரு எப்படி இருந்தாங்கன்னே நான் பாக்கலை"ன்னு. அதுல இருந்து ஃபோன் பண்ணுனாலும் எடுக்கறதில்லை. ஒத்தைப் புள்ள. ஒரு நாளைக்கு நாலு தடவை அப்பா அப்பான்னு கூப்புடறவ. வீட்டுல ஃபோன் அடிச்சா எனக்குத்தானோன்னு ஓடறேன், அவங்கம்மா எடுத்துட்டு அடுப்படிக்குப் போயிர்றா.

நான் வாயால சொல்லிப் பாத்தேன். மறுவீட்டுக்கு வந்திருந்தப்பவே அவ ரூம் கதவுக்கு வெளிய நின்னு, அப்பா பக்கத்துலயே நின்னேன் சாமி, ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், உங்க சித்தி அழுதா, நானும் அழுதேன், மாப்பிள்ளைக்குக் கை நடுங்குச்சுன்னு சொன்னேன். அவ கதவத் தெறக்கலை. வாயால சொல்றது படமாகுமா?

அதுக்கப்புறந்தான் ஒறம்பரை, சொந்தபந்தம்னு வீடு ஒண்ணு விடாம ஏறி எறங்கறேன். எல்லாரும் படம் எடுத்திருக்காங்க. ஃபோனத் தூக்கிப் புடிக்காத ஆளே இல்லை. ஆனா தாலி கட்டற நேரத்துல என்ன இருக்குது தெரியுங்களா? சகாயராஜ் முதுகு. மேடைக்கு முன்னால அவனும் வீடியோக்காரனும் லைட்டுக்காரனும் சொவரு மாதிரி நின்னுட்டாங்க. கட்டம் போட்ட சட்டை. பல்லடத்துல அந்தச் சட்டை, திருப்பூர்ல அந்தச் சட்டை, வெள்ளகோவில்ல எங்க மச்சினன் ஃபோன்ல பெருசா, வேர்வைக் கறையோட அந்தச் சட்டை. எம்புள்ள கல்யாணத்துல பத்திரமா மிஞ்சுனது அவன் முதுகு ஒண்ணுதான். அப்பத்தான் சம்பந்தி உங்களைச் சொன்னாரு. பக்கவாட்டுல உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தான்னு.

என்னங்க, இருக்குதா? வீடியோவேவா? நெசமாத்தானுங்களா? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். டம்ளர அப்படி வெச்சுருங்க, கொட்டீரப் போகுது.

ஆமா. ஆமா டீச்சர், இதேதான். அதா சிந்துஜா. எப்படித் தெளிவா விழுந்திருக்குது பாருங்க, ஒருத்தன் முதுகும் இல்லை. குனிஞ்சிருக்கா. அவ காதுல போட்டிருக்கறது அவங்கம்மாவோட தோடு. இப்பத்தான் கவனிக்கறேன். மாப்பிள்ளை எந்திரிக்கறாரு. சத்தத்தக் கொஞ்சம் கூட வெய்யுங்க. கெட்டிமேளம். கட்டறாரு, ஒண்ணு, ரெண்டு... கை நடுங்கலை பாருங்க. கல்லு மாதிரி இருக்குது. நான் நடுங்குச்சுன்னு சொன்னேனே.

இங்க நடுவுல, ரெண்டு பேருக்கும் முன்னாடி, வேட்டி கட்டீட்டு அவங்களுக்கு முதுகக் காட்டித் திரும்பி நிக்கறது யாரு?

நிறுத்துங்க. திரும்ப ஒரு தடவை மொதல்ல இருந்து போடுங்க.

நாந்தான். எல்லாரும் அரிசியத் தூவறாங்க. என் தலையிலயும் விழுகுது. நான் எங்க பாக்கறேன்? ஃபோனைத்தானே. கட்டை வெரலு ஓடுது பாருங்க. சிரிக்கறேன். என்ன எழுதறேன்னு தெரியுதுங்களா உங்களுக்கு? எனக்குத் தெரியுமுங்க. ஒரே வார்த்தை. இந்தா, அனுப்பீட்டேன், ஃபோன மடியில சொருகறேன், இப்பத்தான் திரும்பறேன். முடிஞ்சு போச்சு. மாப்பிள்ளை கைய எடுத்துட்டாரு.

அஞ்சு நிமிஷம் டைம் குடுத்திருந்தா கோகிலவாணி. பதில் வராட்டி நிறுத்தீருவேன்னு.

இல்லீங்க, தண்ணி வேண்டாம். நான் பாத்தேன்னுதான் டீச்சர் இத்தனை நாளா நெனச்சுட்டிருந்தேன். பொய் சொல்லலை. இப்பக் கண்ண மூடுனாலும் பாத்த மாதிரியேதான் இருக்குது.

ஒண்ணு கேக்கறேன். இதுல நான் இருக்கறத மட்டும் வெட்டீட்டுக் குடுக்க முடியுமுங்களா? இந்தத் தெருவுல யாருக்காச்சும் தெரியுமே, இந்தக் காலத்துப் பசங்க வெட்டி ஒட்டறாங்களே. இல்லை, நானே பாக்கறேன், குடுங்க. இங்க வெட்டுனா மாப்பிள்ளை கை போகுது. இங்க வெட்டுனா அவ மொகம் பாதி போகுது. சரியா நடுவுல வந்து நின்னிருக்கேன் பாருங்க, அளந்து வெச்ச மாதிரி. என்னைய எடுத்தா தாலியும் சேந்து போகுது.

வேற யாருகிட்டயும் இல்லை. எல்லா வீட்டுக்கும் போயாச்சு. இனி போறதுக்கு வீடு இல்லை.

டீச்சர், இத என் நெம்பருக்கு அனுப்பாதீங்க. எனக்கு வந்தா நான் உடனே ஏதாச்சும் பண்ணீருவேன், என்னைய எனக்குத் தெரியும். சிந்துஜா நெம்பர எழுதிக்குங்க. அவளுக்கே நேரா அனுப்பீருங்க. வெட்ட வேண்டாம், ஒண்ணும் பண்ண வேண்டாம், முழுசா அப்படியே. போய்ச் சேந்துதுன்னு ஃபோன் காட்டுச்சுன்னா நம்பீராதீங்க. ஒரு தடவை அவளக் கூப்புட்டு, தெறந்து பாத்தியாம்மான்னு வாயால கேட்டுருங்க.

இப்ப வேண்டாம். நான் பஸ் ஏறிக்கறேன், அப்புறம் அனுப்புங்க.